சிக்கனக்காரரின் வாக்கு எந்தச் சின்னத்துக்கு?

தேர்தல் காலத்தில் யாழ்ப்பாணத்து மேடைகளில் அரசியல் தீர்வைப் பற்றிப் பேசுவார்கள், காணி விடுவிப்பைப் பற்றிப் பேசுவார்கள், வீதியும் வேலையும் தருவதாகச் சொல்வார்கள். கீழே நிற்கிறவர்கள் கேட்காமல் விடுகிற கேள்வி ஒன்று உண்டு: இதுக்கெல்லாம் காசு எங்கேயிருந்து? அரைக் கிலோ மீன் வாங்க இரண்டு சந்தையில் விலை கேட்கிற சனம் நாங்கள். அரசாங்கத்தின் செலவென்று வந்தால் மட்டும் அது யாரோ வீட்டுக் காசு.

அரசாங்கம் விரலுக்கேற்ற வீக்கத்தோடு இருக்க வேண்டும், வட்டி கட்டுவதற்கே கடன் எடுக்கக்கூடாது, பற்றாக்குறையைக் காசு அச்சடித்து நிரப்பக்கூடாது என்று நினைக்கிற வாக்காளர் எந்தக் கட்சியை ஆதரிக்கலாம்? நேரே சொல்லிவிடுகிறேன். இலங்கையில் சிக்கனக் கட்சி என்ற பெயருக்குப் பொருந்துகிற கட்சி இல்லை. அளவுகோல் ஒன்று இருக்கிறது, அது பலருக்குப் பிடிக்காது: வரியைக் குறைப்பேன் என்று மேடையில் சொல்கிறவர்தான் சிக்கனக்காரர் முதலில் சந்தேகிக்க வேண்டிய ஆள்.

வெளிநாட்டுச் செய்திகளைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இது தலைகீழாகத் தெரியும். அங்கே நிதிக் கட்டுப்பாடு பேசுகிற கட்சிதான் வரிக் குறைப்பும் பேசும். இங்கே ஏன் கணக்கு மாறுகிறது என்பதற்கு 2019 டிசம்பரைப் பார்த்தால் போதும்.

ஒரு மாதத்தில் கழன்ற அடைப்பு

2019 நவம்பரில் ஜனாதிபதித் தேர்தல் முடிந்தது. டிசம்பர் 1 முதல் பெறுமதிசேர் வரி, அதாவது வற், 15 சதவீதத்திலிருந்து 8 சதவீதமானது. 2 சதவீதமாக இருந்த தேசத்தைக் கட்டியெழுப்பும் வரி நீக்கப்பட்டது. வற் பதிவுக்கான எல்லை வருடத்துக்கு 1 கோடி 20 இலட்சம் ரூபா விற்பனையிலிருந்து ஒரேயடியாக 30 கோடிக்கு ஏறியது. சம்பளத்தில் மாதாமாதம் கழிக்கிற முறை நிறுத்தப்பட்டது. வருடம் 30 இலட்சம் வரை உழைப்பவர் வருமான வரியே கட்டத் தேவையில்லை என்றானது.

இதில் வீதக் குறைப்பை விடக் கெடுதல் செய்தது எல்லை உயர்வுதான். வீதத்தை மறுநாளே திரும்ப ஏற்றலாம். பதிவிலிருந்து வெளியே போன வியாபாரியையும் சம்பளக்காரரையும் திரும்பக் கோப்புக்குள் கொண்டுவர வருடக்கணக்கில் எடுக்கும். பற்றுச்சீட்டு எழுதுகிற பழக்கம் போய்விடும், மேலே சரக்குத் தருகிறவரும் கீழே வாங்குகிறவரும் கணக்குக் காட்டாமல் விடுவார்கள், சங்கிலி அறுந்துவிடும். கடையில் விலையும் அந்த அளவுக்கு இறங்கவில்லை என்பதை யாழ்ப்பாணத்தில் சாமான் வாங்கியவர் எல்லாருக்கும் தெரியும்.

விளைவு: 2019இல் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 12 சதவீதமளவில் இருந்த அரச வருமானம் 2021இல் 8 சதவீதத்தைச் சற்றே தாண்டிய அளவுக்கு விழுந்தது. கொரோனாவும் ஒரு காரணம், மறுக்கவில்லை. ஆனால் வருமானம் விழுந்த வேகத்தில் கடன் தரப்படுத்தல் நிறுவனங்கள் 2020இலேயே இலங்கையைக் கீழே இறக்கின, வெளிநாட்டுச் சந்தையில் கடன் எடுக்கிற கதவு மூடிற்று, பற்றாக்குறையை மத்திய வங்கி காசு அச்சடித்து நிரப்பியது. 2022 ஏப்ரல் 12 அன்று வெளிநாட்டுக் கடனைக் கட்டுவதை நிறுத்துவதாக அரசாங்கம் அறிவித்தது.

அந்த வரிக் குறைப்பில் மிச்சம் பிடித்த காசை யாழ்ப்பாணத்துக் குடும்பம் எப்படித் திருப்பிக் கட்டியது என்று பாருங்கள். 2022 செப்டம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி பணவீக்கம் 69.8 சதவீதம். முந்திய வருடம் 1 இலட்சம் ரூபாவுக்கு வாங்கிய அதே சாமானுக்கு 1,69,800 ரூபா வேண்டும். நிலையான வைப்பில் காசு போட்டு வட்டியில் சீவித்த ஓய்வூதியர், மகளின் கல்யாணத்துக்கென்று ரூபாவில் சேர்த்த குடும்பம், இவர்களின் சேமிப்பில் மூன்றிலொரு பங்குக்கு மேல் ஒரு வருடத்தில் கரைந்தது. வெளிநாட்டிலிருந்து டொலரில் காசு வருகிற வீடு தப்பியது. அதுவும் இல்லாத வீடு? பணவீக்கமும் ஒரு வரிதான். நாடாளுமன்றத்தில் வாக்கெடுக்காமல் அறவிடுகிற வரி, அதுவும் சேமித்தவரிடமிருந்து மட்டும் அறவிடுகிற வரி.

2023இல் உள்நாட்டுக் கடனை மறுசீரமைத்தபோது ஊழியர் சேமலாப நிதி வைத்திருந்த முறிகள், அதாவது அரசாங்கக் கடன் பத்திரங்கள், குறைந்த வட்டி முறிகளாக மாற்றப்பட்டன: முதலில் 12 சதவீதம், பின்னர் 9. வங்கிகளின் ரூபா முறிகளில் கைவைக்கவில்லை. தனியார் கடையில், தொழிற்சாலையில் வேலை செய்தவரின் முதுமைக்காசு அது. இதற்கு எதிராக வடக்கில் பெரிய சத்தம் கேட்கவில்லை.

யானை, கை, மொட்டு, திசைகாட்டி

யானை ஐக்கிய தேசியக் கட்சி, கை சுதந்திரக் கட்சி, மொட்டு ராஜபக்சக்களின் பொதுஜன பெரமுன, திசைகாட்டி தேசிய மக்கள் சக்தி. கட்சிப் பெயரைப் பார்த்து நிதிக் குணத்தைக் கணிக்க முடியாது என்பதற்கு எழுபது வருடச் சாட்சி இருக்கிறது.

ஐக்கிய தேசியக் கட்சியைத்தான் வழமையாக "வலது" என்பார்கள். 1953இல் நிதியமைச்சர் ஜே.ஆர். ஜயவர்தன கூப்பன் அரிசியின், அதாவது பங்கீட்டு அரிசியின், விலையை 25 சதத்திலிருந்து 70 சதமாக்கினார். கணக்குப்படி அது மானியக் குறைப்பு. ஓகஸ்ட் 12 ஹர்த்தாலும் துப்பாக்கிச் சூடும் வந்தன, பிரதமர் டட்லி சேனநாயக்க பதவி விலகினார். அதன் பிறகு எந்தக் கட்சியும் அரிசியில் கைவைக்கப் பயந்தது. 1962இல் பீலிக்ஸ் டயஸ் பண்டாரநாயக்க அரிசிப் பங்கீட்டைக் குறைக்கப் பார்த்து நிதியமைச்சை இழந்தார். அவர் சுதந்திரக் கட்சிக்காரர். 1970இல் அதே சுதந்திரக் கட்சி இரண்டு கொத்து அரிசி தருவோம் என்று சொல்லி வென்றது.

1953இல் மானியம் வெட்டிய அதே ஜே.ஆர்., 1977இல் திறந்த பொருளாதாரத்தோடு வந்து, மகாவலி ஆற்றுத் திட்டத்தையும் வீடமைப்பையும் ஒரே நேரத்தில் தொடங்கி, 1980இல் பற்றாக்குறையை மொத்த உற்பத்தியில் ஐந்திலொரு பங்குக்குக் கிட்டக் கொண்டுபோனார். சந்தையைத் திறப்பது வேறு, வரவுக்குள் செலவு செய்வது வேறு. யாழ்ப்பாணத்தில் இந்த இரண்டும் நிரந்தரமாகக் குழம்பிக் கிடக்கின்றன, அதற்குக் காரணம் மிளகாயும் வெங்காயமும். 1970களில் சிறிமாவோ அரசாங்கம் இறக்குமதியைத் தடுத்தபோது வலிகாமத்துத் தோட்டக்காரர் கல்வீடு கட்டினார்கள். 1977க்குப் பிறகு அந்த விலை இறங்கியது. அதனால் பழைய ஆட்கள் சிறிமா காலத்தை "நல்ல காலம்" என்பார்கள். தோட்டத்துக்கு நல்ல காலம்தான். திறைசேரிக்கு எப்படி என்பது வேறு கதை.

இன்னும் கிட்ட வருவோம். 2015 ஜனவரி இடைக்கால வரவு செலவுத் திட்டத்தில் அரச ஊழியருக்கு 10,000 ரூபா சம்பள உயர்வும் எரிபொருள் விலைக் குறைப்பும் கொடுத்தது ஐக்கிய தேசியக் கட்சியின் ரணில் விக்கிரமசிங்க பிரதமராக இருந்த அரசாங்கம். அதே அரசாங்கம் 2016இல் சர்வதேச நாணய நிதியத்திடம் போன பிறகு, 2017 புதிய உள்நாட்டு இறைவரிச் சட்டத்தைக் கொண்டுவந்து, 2018 மே மாதத்தில் எரிபொருளுக்கு விலைச் சூத்திரம் போட்டு, 2017இலும் 2018இலும் முதன்மை மீதியை, அதாவது வட்டி நீங்கலான வரவு செலவு மீதியை, மேலதிகமாக்கிக் காட்டியது. ஒரே ஆட்கள், மூன்று வருட இடைவெளி. முதலாவது தேர்தலுக்கு முன்னால், இரண்டாவது நாணய நிதியத்துக்கு முன்னால்.

திசைகாட்டியின் கதையும் அப்படித்தான். மார்க்சிய வேரில் வந்த ஜே.வி.பி.யை நடுவில் வைத்த தேசிய மக்கள் சக்தி, நாணய நிதியத்தோடு மறுபடி பேசுவோம் என்று 2024இல் வாக்குக் கேட்டது. வந்த பிறகு போட்ட 2025 வரவு செலவுத் திட்டம், நாணய நிதியம் கேட்ட எண்ணோடு தசமத்தில் பொருந்தியது. இதை நான் குற்றமாகச் சொல்லவில்லை. சிக்கனக்காரர் கையைத் தட்ட வேண்டிய இடம்தான். கட்டிப்போட்டது கட்சிக் கொள்கையா கடன்காரரா என்பதை மட்டும் மறக்காமல் தட்டலாம்.

கால்குலேட்டரை எடுங்கள்

நிதிப் பேச்சில் ஆளை மயக்குவது பெரிய எண்கள். 1 பில்லியன் என்பது 100 கோடி. இதை மனதில் வைத்துக்கொண்டு 2025 வரவு செலவுத் திட்டத்தின் நான்கு எண்களை எழுதுங்கள்.

வருமானம் 4,990 பில்லியன். செலவு 7,190 பில்லியன். பற்றாக்குறை 2,200 பில்லியன், மொத்த உற்பத்தியில் 6.7 சதவீதம். செலவுக்குள் வட்டி மட்டும் 2,950 பில்லியன்.

2,200ஐ 6.7 சதவீதம் என்றால் அவர்கள் எதிர்பார்த்த மொத்த உற்பத்தி ஏறக்குறைய 32,800 பில்லியன். ஆக 1 சதவீதம் என்பது 328 பில்லியன். இந்த ஒரு எண்ணைப் பாடமாக்கினால் எந்த அரசியல்வாதியின் வாக்குறுதியையும் சதவீதமாக்கிப் பார்க்கலாம்.

அடுத்தது முதன்மை மீதி. பழைய கடனின் வட்டியை ஒதுக்கிவிட்டு, இந்த வருடத்து வரவையும் இந்த வருடத்துச் செலவையும் மட்டும் பார்ப்பது. வட்டியைக் கழித்தால் செலவு 4,240. வருமானம் 4,990. மிச்சம் 750 பில்லியன், அதாவது 2.3 சதவீத மேலதிகம். நாணய நிதியம் 2025க்கு வைத்த இலக்கும் 2.3தான். ஒரு அரசாங்கத்தைச் சிக்கனத்துக்காகப் பாராட்டுவதென்றால் இந்த எண்ணுக்காகப் பாராட்டுங்கள். மொத்தப் பற்றாக்குறை அதற்குத் தோதான எண் அல்ல, ஏனெனில் வட்டி முன்னால் இருந்தவர்கள் வைத்துப்போன சுமை. புதிதாக வந்தவர் அதை ஒரு வருடத்தில் குறைக்க முடியாது.

இன்னொரு கணக்கும் அதே எண்களில் இருக்கிறது. 2024இன் 44ஆம் இலக்க அரச நிதி முகாமைத்துவச் சட்டம், வட்டி நீங்கலான செலவு மொத்த உற்பத்தியில் 13 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்கிறது. 4,240ஐ 32,800ஆல் பிரித்தால் 12.9. 2025இல் சட்டத்தின் விளிம்பில் நின்றோம். இதன் பொருள்: சம்பளத்தையோ ஓய்வூதியத்தையோ நலன்புரிக் கொடுப்பனவையோ யாராவது கூட்டினால், வேறொன்று வெளியே போக வேண்டும். வெளியே போவது எப்போதும் மூலதனச் செலவுதான், ஏனெனில் வீதிக்குத் தொழிற்சங்கம் இல்லை.

யாழ்ப்பாணத்தில் இதை "நிதி திரும்பிப் போச்சு" என்று சொல்வோம். உள்ளே நடப்பது இது: ஒதுக்கீடு ஜனவரியில் தாளில் வரும், கைக்காசு பகுதி பகுதியாக வரும், வீதி வேலைக்கான கேள்விப்பத்திரம் முடிந்து ஒப்பந்தக்காரர் இறங்குவதற்குள் ஒக்டோபர். ஒக்டோபரிலிருந்து டிசம்பர் வரை மாரி. வெள்ளம் நிற்கிற வீதியில் தார் ஊற்ற முடியாது. டிசம்பர் 31இல் ஒதுக்கீடு காலாவதி. திறைசேரிக்கு முதன்மை மீதி இன்னும் கொஞ்சம் அழகாகும். ஆகவே வருட முடிவில் மேலதிகம் இலக்கைத் தாண்டியது என்று செய்தி வந்தால் உடனே மகிழ வேண்டாம், அது வரியால் வந்ததா, செய்யாமல் விட்ட வேலையால் வந்ததா என்று பாருங்கள். 2025இல் வடக்கின் கிராமிய வீதிகளுக்கும் பாலங்களுக்கும் 5,000 மில்லியன், வட்டுவாகல் பாலத்துக்கு 1,000 மில்லியன், யாழ்ப்பாணம் பொது நூலகத்துக்கு 100 மில்லியன் என்று வாசிக்கப்பட்டது. வாசித்தது செலவல்ல. இரண்டு வருடம் தள்ளி வருகிற மதிப்பீட்டுப் புத்தகத்தில்தான் அந்த வருடத்து உண்மைச் செலவு தனி நிரலில் இருக்கும். நிதியமைச்சின் தளத்தில் அந்தப் புத்தகம் தமிழிலும் கிடைக்கிறது.

விஞ்ஞாபனத்தை எடைபோடுதல்

ஒரு விஞ்ஞாபனத்தை நிறுக்க நான்கைந்து படிக்கற்கள் கையில் இருந்தால் போதும்.

அரச ஊழியர் 13 இலட்சத்துக்கு மேல். ஆளுக்கு மாதம் 1,000 ரூபா கூட்டினால் வருடத்துக்கு 15.6 பில்லியன். இதைவிட ஏறத்தாழ 7 இலட்சம் ஓய்வூதியர்கள் இருக்கிறார்கள், சம்பளம் ஏறினால் அவர்களும் கேட்பார்கள், கேட்பது நியாயமும்கூட. 2025இல் அடிப்படைச் சம்பளத்தின் ஆகக் குறைந்த தொகையை 24,250இலிருந்து 40,000க்கு உயர்த்தியதை ஏன் 2025, 2026, 2027 என்று மூன்று கட்டமாக்கினார்கள் என்பது இந்தப் பெருக்கலைப் போட்டால் புரியும்.

வற் 2024இல் 1,300 பில்லியன் அளவில் தந்தது, வீதம் 18. ஆகவே ஒரு புள்ளிக்கு 70 பில்லியனுக்குச் சற்று மேல். "வற் வரியை 15க்கு இறக்குவோம்" என்று ஒருவர் சொன்னால் அவர் 215 பில்லியன் அளவில் கைவிடச் சொல்கிறார், முதன்மை மேலதிகத்தில் கால்வாசிக்கும் மேல். அந்தக் கால்வாசியை எங்கே வெட்டுவார் என்று அடுத்த வரியில் எழுதியிருக்கிறாரா? எழுதியிருந்தால் மரியாதையோடு வாசிக்கலாம்.

"ஊழலை ஒழித்தால் வரி வேண்டாம்", "எம்பிமாரின் சலுகையை வெட்டினால் நாடு தப்பும்" என்பவை எல்லா மேடையிலும் கைதட்டு வாங்குகிறவை. 225 பேருக்கும் மாதம் ஆளுக்கு 10 இலட்சம் மிச்சம் பிடித்தாலும் வருடத்துக்கு 2.7 பில்லியன். வட்டி 2,950. ஆயிரத்தில் ஒன்றுகூட இல்லை. முன்னாள் ஜனாதிபதிகளின் சலுகைகளை நீக்கும் சட்டம் 2025 செப்டம்பரில் நிறைவேறியது. சனத்தின் மனதுக்கு அது நல்லது, திறைசேரிக்கு அது சில்லறை. ஊழல் உண்மையில் திறைசேரியைத் தின்கிற இடங்கள் சுங்கமும் வரிச் சலுகையும் கேள்விப்பத்திரமும். அவற்றைத் திருத்தப் பல வருடமாகும், அந்தக் காசை முதல் வருட வரவில் எழுதுகிறவர் கணக்குத் தெரியாதவர் அல்லது தெரிந்தே செய்கிறவர்.

வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் திறக்கப்பட்ட பின் வருகிற வரியையும் கவனியுங்கள். ஐந்து வருடமாக வாங்காமல் இருந்தவர்கள் ஒன்றாக வாங்கும்போது வருமானம் துள்ளும். அதை நிலையான வருமானம் என்று நினைத்து நிலையான சம்பளத்தைக் கூட்டினால், வாங்கி முடிந்த வருடத்தில் ஓட்டை தெரியும்.

கணக்கு ஒளிகிற இடங்கள்

அரச கணக்கு காசு அடிப்படையில் எழுதப்படுகிறது. ஒப்பந்தக்காரரின் பில் மேசையில் கிடந்தால் அது செலவல்ல, கட்டிய அன்றுதான் செலவு. 2019இன் பற்றாக்குறை முதலில் 6.8 சதவீதம் என்று எழுதப்பட்டு, நிலுவைகளைச் சேர்த்துப் பிறகு 9.6 என்று திருத்தப்பட்டது. ஆட்சி மாறியதும் முந்தியவரின் வருடத்தில் நிலுவையைப் போடுவது வசதி, தனது வருடத்தில் நிலுவை வைப்பதும் வசதி. யானைக்கும் மொட்டுக்கும் இதில் வித்தியாசம் இல்லை.

இரண்டாவது ஒளிவிடம் மின்சார சபையும் பெற்றோலியக் கூட்டுத்தாபனமும். விலையை அடக்கத்துக்குக் கீழே வைத்தால் வரவு செலவுத் திட்டத்தில் ஒன்றும் தெரியாது, அரச வங்கியில் கடன் ஏறும், அந்தக் கடனுக்குத் திறைசேரி உத்தரவாதம் நிற்கும். ஒருநாள் மொத்தமாகத் திறைசேரியின் தலையில் விழும். பெற்றோலியக் கூட்டுத்தாபனத்தின் டொலர்க் கடன் அப்படித்தான் விழுந்தது. 2025 ஜனவரியில் மின்கட்டணம் 20 சதவீதம் குறைந்தது, ஜூனில் 15 சதவீதம் ஏறியது. இந்தத் துள்ளல் பாவனையாளருக்கு எரிச்சல்தான். குறைத்த விலையை ஏற்றாமல் பிடித்துவைத்திருந்தால் எரிச்சலுக்குப் பதில் கடன் வந்திருக்கும்.

மூன்றாவது, காசு அச்சடிப்பு. 2023இன் 16ஆம் இலக்க மத்திய வங்கிச் சட்டம் அரசாங்கத்தின் குறுங்காலக் கடன் பத்திரமான திறைசேரி உண்டியலை மத்திய வங்கி நேரடியாக வாங்குவதைத் தடுக்கிறது. 1949 சட்டத்தின் கீழ் திறந்திருந்த குழாய் அது. என்னைக் கேட்டால், ஒரு கட்சியைச் சிக்கனக்காரர் சோதிக்க ஒரேயொரு கேள்விதான் கேட்கலாம் என்றால் இதைத்தான் கேட்க வேண்டும்: இந்தச் சட்டத்தில் கைவைப்பீர்களா? தேவை வந்தால் திருத்துவோம் என்று இழுத்தால் அந்தச் சின்னத்தை விட்டுவிடலாம்.

சட்டம் இருந்தால் மட்டும் போதாது என்பதும் தெரிந்ததே. 2003இல் நிதி முகாமைத்துவப் பொறுப்புச் சட்டம் வந்தது. 2006க்குள் பற்றாக்குறை 5 சதவீதத்துக்கு இறங்க வேண்டும் என்றது. இறங்கவில்லை. ஒருவரும் தண்டிக்கப்படவில்லை, காலக்கெடுவைத்தான் பின்னர் திருத்தினார்கள். திறைசேரி உத்தரவாதத்துக்கு 4.5 சதவீத எல்லை இருந்தது, அதையும் தேவைக்கேற்ப உயர்த்தினார்கள். அந்தத் திருத்தங்களுக்கு யார் கை உயர்த்தினார்கள் என்பது நாடாளுமன்ற உரைப் பதிவான ஹன்சாட்டில் இருக்கிறது.

வீடும் சைக்கிளும்

தமிழ்க் கட்சிகளுக்கு நிதிக் கொள்கை இருக்கிறதா? பெரும்பாலும் இல்லை. வீட்டுச் சின்னத்துத் தமிழரசுக் கட்சியும் சைக்கிள் சின்னத்துத் தமிழ்க் காங்கிரஸும் சமஷ்டியைப் பற்றி நுணுக்கமாகப் பேசும், அந்த மாநில அரசு எந்த வரியை அறவிடும், எந்தக் கடனை எடுக்கும் என்பதில் மௌனம். இது சின்னக் குறையில்லை. மாகாண சபைக்கு 2011 முதல் தேசத்தைக் கட்டியெழுப்பும் வரியில் மூன்றிலொரு பங்கும், முத்திரைத் தீர்வை முழுவதும், வாகனப் பதிவுக் கட்டணத்தில் 70 சதவீதமும் கிடைக்கும் ஏற்பாடு இருந்தது. 2019 டிசம்பரில் அந்த வரியை நீக்கியபோது மாகாணங்களின் மூன்றிலொரு பங்கும் சேர்ந்து போனது. அதிகாரப் பகிர்வு பேசுகிறவர்கள் அன்று கத்தியிருக்க வேண்டும். வட மாகாண சபையின் காலம் 2018 ஒக்டோபரிலேயே முடிந்திருந்தது, கத்துவதற்குச் சபையும் இல்லை. இன்றைக்கும் மாகாணம் நிதி ஆணைக்குழுவின் பரிந்துரையில் வருகிற கொடையில்தான் ஓடுகிறது. சொந்த வரி இல்லாத சுயாட்சி என்பது மாமனார் வீட்டில் தனிக்குடித்தனம்.

ஆனால் ஒரு விதிவிலக்கு இருந்தது. 2015இல் தெரிவான நாடாளுமன்றத்தில் அரசாங்க நிதி பற்றிய குழுவுக்குத் தலைவராக இருந்தவர் யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தின் எம்.ஏ. சுமந்திரன். வரிப் பிரேரணைகளும் மதிப்பீடுகளும் சபைக்கு வருமுன் தட்டிப் பார்க்கிற குழு அது. அவரின் அரசியலைத் திட்டவும் புகழவும் இங்கே ஆயிரம் பேர், அந்தக் குழுவில் அவர் என்ன செய்தார் என்று கேட்டு வாக்களித்தவர் எத்தனை பேர்? 2024இல் தெரிவான நாடாளுமன்றத்தில் அந்தக் கதிரைக்கு வந்தவர் ஐக்கிய மக்கள் சக்தியின் ஹர்ஷ டி சில்வா. எதிர்க்கட்சிக்கு அந்தப் பதவி போவது நல்ல மரபு.

2024 நவம்பரில் யாழ்ப்பாணத்தின் ஆறு ஆசனங்களில் மூன்றைத் தேசிய மக்கள் சக்தி எடுத்தது, வாக்கில் கால்வாசி அளவு வைத்துக்கொண்டே. மிச்ச வாக்கு சிதறியதால் வந்தது அது. சிக்கனக்காரர் இதிலிருந்து எடுக்க வேண்டியது, விருப்பு வாக்கின் பெறுமதி. கட்சிக்கு ஒரு புள்ளடி போட்ட பிறகு மூன்று பேருக்கு விருப்பு வாக்குப் போடலாம். இன அரசியலுக்காக ஒரு சின்னத்தைத் தெரிவு செய்கிறவர், அந்தப் பட்டியலுக்குள்ளேயே கணக்கு வாசிக்கத் தெரிந்தவரை மேலே தள்ளலாம். ஒரு கணக்காளரோ, வங்கியில் இருந்தவரோ, பிரதேச சபையில் வரவு செலவுத் திட்டத்தைத் திருத்தங்களோடு நிறைவேற்றியவரோ ஒவ்வொரு பட்டியலிலும் கடைசிப் பக்கத்தில் ஒருவர் இருப்பார். சுவரொட்டியில் அவர் முகம் ஆகச் சின்னதாக இருக்கும்.

எம்பியிடம் கேட்க ஒன்று: பன்முகப்படுத்தப்பட்ட நிதியை, அதாவது மாவட்ட வேலைகளுக்கென்று உங்கள் பெயரில் ஒதுக்கிய காசை, எதற்குக் கொடுத்தீர்கள்? விளையாட்டுக் கழகத்துக்குக் கதிரை, சங்கத்துக்கு ஒலிபெருக்கி, கோயிலுக்கு மதில் என்று ஐம்பதாக உடைந்திருந்தால் அவர் அடுத்த தேர்தலுக்குச் செலவு செய்கிறார். இரண்டு மூன்று வேலையாகத் திரண்டிருந்தால் ஆள் யோசிக்கிறார். மாவட்டச் செயலகத்தில் தகவல் அறியும் சட்டத்தின் கீழ் விண்ணப்பம் போட்டால் பட்டியல் தருவார்கள்.

உள்ளூராட்சி சபைதான் நிதிக் குணம் ஆகத் தெளிவாகத் தெரிகிற இடம், ஆகக் குறைவாகக் கவனிக்கப்படுகிற இடமும். 2020 டிசம்பரில் யாழ்ப்பாண மாநகர முதல்வர் இம்மானுவேல் ஆனல்ட் பதவி இழந்தது வரவு செலவுத் திட்டம் இரண்டு முறை தோற்றதால். சட்டப்படி இரண்டாம் முறையும் தோற்றால் பதவி விலகியதாகக் கருதப்படும். ஆதனவரி பற்றியோ குப்பை அகற்றும் செலவு பற்றியோ நடந்த சண்டை என்று யாராவது நம்பினால் நம்பட்டும். ஆட்களை மாற்றுகிற ஆயுதமாக வரவு செலவுத் திட்டம் பாவிக்கப்படுகிற சபையில் எண்களை வாசிப்பவர் இருக்கமாட்டார்.

உங்கள் சபையின் வரைபு வருட முடிவுக்கு முன் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்படும். போய்ப் பாருங்கள், அரை மணித்தியாலம் போதும். முதலில் சோலைவரி, அதாவது ஆதனவரி, நிலுவை: இந்த வருடம் அறவிட வேண்டியது எவ்வளவு, பழைய நிலுவை எவ்வளவு. நிலுவை ஒரு வருட வரியைத் தாண்டியிருந்தால் உறுப்பினர்கள் தங்கள் வட்டாரத்து ஆட்களிடம் கேட்கக் கூச்சப்படுகிறார்கள் என்று அர்த்தம். கடைசியாக எப்போது ஆதன மதிப்பீடு செய்தார்கள் என்று கேளுங்கள். பழைய மதிப்பீட்டில் ஓட்டு வீட்டுக்கும் புது மாடி வீட்டுக்கும் ஒரே வரி வரும். பிறகு சந்தைக் குத்தகையும் கடை வாடகையும்: சபைக் கடையை மலிவு வாடகைக்கு எடுத்தவர் அதை மூன்று மடங்குக்கு மேல்வாடகைக்கு விட்டிருந்தால் சபைக்கு வரவேண்டிய காசு அது. பவுசரும் பெக்கோவும் வாடகைக்குப் போன நாள், பழுதாகி நின்ற நாள், இரண்டையும் கேளுங்கள். எதிர்பார்த்த வருமானத்தில் "ஏனையவை" என்ற வரி மற்றெல்லாவற்றையும் விடக் கொழுத்திருந்தால், செலவை எழுதி முடித்துவிட்டு அதற்கேற்ப வரவை ஊதியிருக்கிறார்கள்.

கேட்கப் போகிறவர் தனது சோலைவரியைக் கட்டிவிட்டுப் போவது நல்லது. ஜனவரி 31க்கு முன் முழு வருடத்துக்கும் கட்டினால் 10 சதவீதக் கழிவு உண்டு, காலாண்டின் முதல் மாதத்தில் கட்டினால் 5.